ஆறாவது படி

அவள் கதவைத் தட்டக் கையை உயர்த்துவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அத்தான், பொம்பளை ஆளு. மழையில குடை இல்லாம ஓடி வந்திருக்காங்க. மாடிப்படி ஏறும்போது நின்னு நின்னு ஏறினாங்க. விஷயம் பெருசு."

"இல்லன்னா கீழே இருக்கிற கண்ணாடிக் கடைக்கு வந்து வழி மாறியிருப்பாங்க," என்றது இன்னொரு குரல், அவசரமே இல்லாமல். "முதல்ல கதவைத் திற, மச்சான்."

திறந்தவர் சுறுசுறுப்பான, குட்டையான மனிதர். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவருடைய இயற்பெயர் அவளுக்குத் தெரியாது. துப்பறிவாளரான அவரை அந்த ஊரில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. கூடவே இருந்து துப்பறிகிறவர், அல்லது துப்பறிய விடாமல் பார்த்துக்கொள்கிறவர். ஆளுக்கு ஆள் கருத்து மாறும்.

"என் பேரை யாரோ திருடிட்டாங்க," என்றாள் அவள்.

"பேரையா? பர்ஸ் மாதிரியா?" என்றார் மைத்துனர்.

நிதானம் பென்சிலைக் கீழே வைத்தார். "உக்காருங்கம்மா. மொதல்ல மூச்சு விடுங்க. அப்புறம் எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சா இவனுக்கு நான் சொல்லிக்குவேன்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டர்கிட்ட 'நான்தான் இன்னார்'னு சொல்லணும்னா அதுக்கு ஒரு சான்றிதழ் வேணும். அதுல வெறும் பேரைப் போட்டா போதாது, ஒரே பேர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க. அதனால படி படியா எழுதுவோம். முதல் படி நாடு. அடுத்தது ஊர். அப்புறம் நிறுவனம், பிரிவு, கடைசிப் படியில ஆள். இந்த அஞ்சும் சேர்ந்ததுதான் அடையாளப் பெயர். அது உலகத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கணும். அந்தப் பெயரை உருவாக்கறதும், திரையில காட்டறதும், சான்றிதழ் கொடுக்கறதும்தான் எங்க சாஃப்ட்வேர். நான் எழுதினேன். எங்க அண்ணன் விக்கிறார். ரெண்டு பேருமா ஆரம்பிச்சது."

"சரி."

"எங்க சாஃப்ட்வேரோட முழு நிரலும் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போயிருக்கு. அனுப்பின மெயில்ல என் பேர்ல ஒரு சான்றிதழ், என் கையெழுத்து. அந்த நிறுவனம் எங்களை வாங்கக் கேட்டப்போ நான்தான் முடியாதுன்னேன். இப்போ 'ஊருக்கு முன்னாடி வேண்டாம்னுட்டு பின்கதவு வழியா வித்துட்டா'ன்னு பேச்சு. துரோகம் பண்ற பங்குதாரர் வெளியே போகணும்னு எங்க ஒப்பந்தத்துல இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் பங்குதாரர்கள் கூட்டம். நான் கட்டினதை விட்டு என்னையே வெளியே அனுப்பப் போறாங்க."

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் விரித்தாள். ஒன்று அவளுடைய அசல் சான்றிதழ், மற்றது மெயிலோடு போன போலி. இரண்டிலும் ஏணி மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக அதே சொற்கள். அசலில் ஐந்து படிகள். ஐந்தாவதில் அவள் பெயரும் ஒரு எண்ணும் கூட்டல் குறியால் இணைந்திருந்தன. போலியில் ஐந்தாவது படியில் பெயர் மட்டும். அந்த எண் தனியாக ஆறாவது படியில் இருந்தது.

"பேர் பக்கத்துல எதுக்கு எண்?" என்றார் நிதானம்.

"எங்க அண்ணிக்கும் எனக்கும் ஒரே பேரு. கல்யாணம் ஆகி அண்ணி ஆபீசுக்கு வந்ததும் ரெண்டு பேரையும் பிரிச்சுக் காட்ட அவங்கவங்க ஊழியர் எண்ணையும் அதே படியில சேர்த்தேன். பேரும் எண்ணும் ஒரே படியில ஒண்ணா நிக்கணும். தனித்தனிப் படியா வச்சா அது வேற ஆள் ஆயிடும். இதைத்தான் எல்லார்கிட்டயும் கத்திக்கிட்டிருக்கேன். 'தப்பிக்கறதுக்காக நீயே மாத்திப் போட்டிருப்பே'ங்கிறாங்க."

"அண்ணி!" மைத்துனர் துள்ளினார். "பேருலயே பங்கு கேட்டவங்க! அத்தான், கேஸ் முடிஞ்சுது."

அவள் மறுக்கவில்லை. ராத்திரியெல்லாம் அவள் மனமும் அந்த இடத்தில்தான் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. அண்ணிக்கு வாய் நீளம். நிறுவனத்தை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னவளும் அவள்தான்.

"உங்க அசல் சான்றிதழை அப்படியே நகல் எடுக்க முடியாதா?" என்றார் நிதானம்.

"முடியும். புதுப்பிக்கிற பொத்தானை அமுக்கினா போதும். ஆனா உடனே எனக்குத் தகவல் வந்துடும், புதுசா ஒண்ணு போட்டா வராது. அதனாலதான் திருடின ஆளு புதுசா, ஒவ்வொரு படியா தட்டியிருக்கு. சான்றிதழ் கொடுக்கிற மிஷின் தனி அறையில இருக்கு. நான், அண்ணன், அண்ணி, எங்ககூட நிரல் எழுதற பொண்ணு, நாலு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு."

"பூட்டு விக்கிற வீட்டுல பூட்டு இல்லையா!" என்று வியந்தார் மைத்துனர்.

"வாத்தியார் பிள்ளை மக்கு," என்றபடி நிதானம் எழுந்தார். "வாங்க, ஏணியைப் பார்த்தாச்சு. ஏறினவங்களைப் பார்ப்போம்."

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. 'பட்டாசு' என்று எல்லோரும் கூப்பிடும் இளம் நிரலாளி வாசலிலேயே வெடித்தாள்.

"அக்கா, நான் பண்ணலக்கா! அந்தச் சான்றிதழ் போட்ட அன்னிக்கு மத்தியானம் மிஷின் ரூமுக்குப் போனேன், ஆனா விசிறி சத்தம் போடுதேன்னுதான் போனேன்!"

"யாருமா உன்னைக் கேட்டா?" என்றார் நிதானம்.

"இவரு என்னையே ஒரு மாதிரி பார்த்தாரே!" என்று மைத்துனரைக் கை காட்டினாள்.

அண்ணி கணக்குத் தாள்களிலிருந்து நிமிரவில்லை. "துப்பறியறவங்களா? நல்லது. அப்படியே இந்த ஆபீசுல கத்தரிக்கோல் எங்க போகுதுன்னும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அண்ணன் மட்டும்தான் எழுந்து வந்தார். தங்கையின் தலை ஈரத்தைப் பார்த்துத் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். "இப்படியா நனையறது? என்கிட்ட சொல்லியிருந்தா வண்டியில கூட்டிட்டுப் போயிருப்பேனே." அவர் கண்கள் சிவந்திருந்தன. "சார், இவ பண்ணியிருக்க மாட்டா. பண்ணியிருந்தாலும் என் தங்கச்சி. வழக்கு கிழக்குன்னு போகாம, கௌரவமா விலகிட்டா போதும்னு பேசி வச்சிருக்கேன்."

அவள் துண்டை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். இந்த ஒரு ஆளாவது இருக்கிறாரே.

அண்ணனின் கம்ப்யூட்டர் அப்போதுதான் விழித்தது. மற்ற திரைகளெல்லாம் நீல விளிம்போடு இருக்க, இவருடையது மட்டும் பச்சை. நடுவில் சொரசொரப்பான பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது: *வா அண்ணா, வேலையைப் பார்க்கலாம்.*

"அட!" என்றார் மைத்துனர்.

அண்ணன் முகம் மலர்ந்தது. "இது இவ எழுதின முதல் பதிப்பு சார். நானும் இவளும் மட்டும் இருந்த காலத்துல எனக்காக எழுதினது. எல்லா மிஷினுக்கும் புதுசு வந்துடுச்சு. இதை நான் மாத்த விடல. யாரையும் தொடவும் விடமாட்டேன். இதோட பாஸ்வேர்டு பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

"தெரிஞ்சுதான் என்ன ஆகப் போகுது," என்றாள் அண்ணி, நிமிராமலே. "அது அண்ணனை மட்டும்தானே வான்னு கூப்பிடுது."

நிதானம் அந்தப் பச்சைத் திரையைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு தங்கையைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"ஒரே ஒரு கேள்வி. அந்த முதல் பதிப்பை எழுதும்போது உங்க அண்ணி வந்தாச்சா?"

"இல்ல."

"அப்போ ஒரு படியில ரெண்டு விவரம் இருக்கும்னு நீங்க நெனச்சிருக்கவே முடியாது."

"இல்ல, ஒரு படிக்கு ஒண்ணுன்னுதான்..." அவள் நிறுத்தினாள். மழை ஜன்னல் கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது. இமையின் குற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். அவள் எழுதிய நிரல், அவள் செய்த பிழை, அவள் அண்ணன். மூன்றும் கண்ணுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தன.

"வேண்டாம் சார்," என்றாள். "இத்தோட விட்டுடலாம். நான் விலகிடறேன்."

"நீங்க விலகலாம். உங்க பேரும் சேர்ந்து விலகணுமா?"

அவள் அண்ணன் கொடுத்த துண்டைச் சதுரமாக மடித்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, உள்ளே நடந்தாள்.

கூட்டத்துக்கு முன் எல்லோரையும் அவரவர் மேசையிலேயே உட்காரச் சொன்னார் நிதானம்.

"ஒரு சின்ன வேலை. ஆளுக்கு ஒரு தடவை இவங்களோட அசல் சான்றிதழைத் திறந்து, அடையாளப் பெயரைத் திரையில காட்டுங்க."

பட்டாசு முதலில் காட்டினாள். நீலத் திரை. ஐந்து படிகள், கடைசியில் பெயரும் எண்ணும் கூட்டல் குறியோடு. அண்ணி பெருமூச்சு விட்டபடி தட்டினாள். ஐந்து படிகள்.

"இப்போ நீங்க சார்."

அண்ணன் சிரித்துக்கொண்டே தட்டினார். பச்சைத் திரையில் நாடு வந்தது, ஊர் வந்தது, நிறுவனம், பிரிவு, தங்கையின் பெயர். அதற்குக் கீழே, தனியாக, அந்த எண்.

ஆறு படிகள்.

"அத்தான்!" என்று மைத்துனர் திரையருகே பாய்ந்தார். "அசலைத்தானே திறந்தாரு? போலி மாதிரியே தெரியுதே!"

"இது பழசு," என்றார் அண்ணன். "இது எப்பவும் அப்படித்தான் காட்டும்." சொல்லி முடிக்கும்போது அவர் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிருந்தது.

"ஆமா, எப்பவும்." நிதானம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். "சான்றிதழுக்குள்ள இருக்கிறது அஞ்சு படிதான். ஒரே படியில ரெண்டு இருந்தா இந்தப் பழைய பதிப்புக்குப் புரியாது, பிரிச்சு ஆறாக் காட்டிடும். நகல் எடுத்திருந்தா தப்பு வந்திருக்காது. நீலத் திரையைப் பார்த்துத் தட்டியிருந்தா கூட்டல் குறி வந்திருக்கும். ஆறாவது படி இந்த உலகத்துல ஒரே ஒரு திரையிலதான் இருக்கு. இதைப் பார்த்துப் பார்த்து, அந்த அறையில போய் யாரோ தட்டியிருக்காங்க. அது தப்புன்னே அவருக்குத் தெரியாது. அவர் பார்த்த நாள்லேர்ந்து தங்கச்சி பேர் அப்படித்தான் இருந்திருக்கு."

அண்ணனின் கண் மெதுவாக மனைவி பக்கம் திரும்பியது. "என் மிஷின்ல யார் வேணா உக்காரலாமே. வீட்டுக்காரிக்கு..."

அண்ணி முதன்முறையாகக் காகிதத்தைக் கீழே வைத்தாள். "பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதுன்னு இப்போதான் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க," என்றாள். அவள் குரலில் வழக்கமான காரம் இல்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "தங்கச்சி தலையில கட்டினது எடுபடலன்னா என் தலையிலயா?"

"ஏன் அண்ணா?" என்றாள் அவள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு பேசினார். "எந்த ஊருக்குப் போனாலும் 'உங்க தங்கச்சி வரலையா'ங்கிறாங்க. கதவைத் திறக்கறது நான். உள்ளே இருக்கிறவங்க எல்லாரும் உன்னைத்தான் தேடறாங்க. வித்துட்டா அந்தப் பெரிய நிறுவனத்துல எனக்குன்னு ஒரு நாற்காலி தர்றேன்னாங்க. நீ முடியாதுன்னுட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல," என்றாள் அவள். "சண்டை போட்டிருக்கலாமே. நான் தோத்திருப்பேனே, அண்ணா. எப்பவும் உன்கிட்ட தோத்துத்தானே வளர்ந்தேன்."

அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். மின்தூக்கி வேலை செய்யாததால் அந்தக் காலடிச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அண்ணி மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். "நான்தான்னு நெனச்சே இல்ல?"

"ஆமா அண்ணி."

"அதான் பார்த்தேன். ரெண்டு நாளா எனக்கு நீ வழக்கமில்லாம வணக்கம் வேற சொல்லிட்டிருந்தே." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கூட்டத்துல என் கை உனக்குத்தான் உயரும். பேர்தான் ஒண்ணாப் போச்சே, புத்தியாவது ஒண்ணா இருக்கட்டும்."

தங்கை தனி அறைக்குப் போய் அந்தப் போலிச் சான்றிதழை ரத்து செய்தாள். காரணம் என்ன என்று அவளுடைய சாஃப்ட்வேரே அவளைக் கேட்டது. அவள் எழுதி வைத்திருந்த காரணங்களில் எதுவும் பொருந்தவில்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டாள்.

திரும்பி வந்தபோது பச்சைத் திரை அணைந்திருந்தது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பதிப்பை அழித்துவிடும் எண்ணத்தோடு விசைப்பலகையில் கை வைத்தாள்.

"தொடாதீங்கம்மா," என்றார் நிதானம் வாசலிலிருந்து. "உங்க பக்கம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். எல்லாம் முடியற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா இருந்தார்.

அவள் கையை எடுத்தாள். ஆனால் விரல் பட்டதில் இயந்திரம் விழித்துக்கொண்டிருந்தது. காலியான அந்த மேசையில், அவளே எழுதிய சொரசொரப்பான எழுத்துகள் பச்சையாக மின்னின.

*வா அண்ணா, வேலையைப் பார்க்கலாம்.*