அம்மாவின் உதட்டருகே பிடித்த போன்

அம்மா பேசியது றஜனிக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மாவின் உதட்டருகே அவள் பிடித்திருந்த போனில், ரொறன்ரோவில் இருந்த அண்ணன் சதீசனுக்கு அது கேட்கவில்லை.

“நக்கிற சத்தம்தான் வருது,” என்றான். “நாய் கஞ்சி குடிக்கிற மாதிரி. அங்காலை எடு, கேக்கவே சத்தி வருது.”

பாரிசவாதம் வந்து இரண்டு மாதமாகப் பேச்சற்றுக் கிடந்த அம்மா இன்று மத்தியானம்தான் “பிள்ளை, பசிக்குது” என்றாள். அம்மா பேசினால் முதியோர் இல்லம் வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். பேசாவிட்டால் நாளைக் காலை நெடுந்தீவிலிருந்து படகில் ஏற்றி இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

“வடிவாய்க் கேளுங்கோ அண்ணை. இப்பவும் கதைக்கிறா.”

“டெலிபோன் கொம்பனியிலை வேலை செய்யிற எனக்கே படிப்பிக்கிறியோ? செக்கனுக்கு முந்நூறு அதிர்விலையிருந்து மூவாயிரத்து நானூறு வரைக்கும்தான் லைன் கொண்டுவரும். மிச்சத்தை வெட்டிப்போடும். மனிசர் ஆர் கதைச்சாலும் அதுக்குள்ளை விளங்கோணும்.”

“அப்ப அம்மா?”

“உனக்குத்தான் விசர். காலமை படகிலை ஏத்து.”

போனை வைத்துவிட்டான்.

றஜனி குசினியிலிருந்து, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற் கூழைக் கொண்டுவந்தாள். மீன்தலையும் நண்டும் கரைந்து ஆறிப்போன கூழின் மேல் சாம்பல் நிற ஆடை படிந்திருந்தது. படுக்கையின் மூத்திர நெடியும், அம்மாவின் கடைவாயில் காய்ந்த எச்சிலின் புளிப்பும், கரையில் ஒதுங்கி அழுகிய கடற்பாசியின் வீச்சமும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் வழுவழுப்பாக ஒட்டின.

“பிள்ளை, பசிக்குது.”

கூழின் ஆடை நடுங்கிச் சுருங்கியது. மதிலுக்கு வெளியே நாய்கள் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. அம்மாவின் உதடுகள் அசையவில்லை. காலையில் ஊட்டிய கூழ் காய்ந்து அவற்றை ஒட்டி வைத்திருந்தது.

அந்தக் குரல் காதால் வரவில்லை. றஜனியின் பல்லின் வேரால் வந்தது.

பேசுவது அம்மாதான் என்று ஒருமுறை தெரிந்தால் போதும். றஜனி இரண்டு விரல்களால் உதடுகளைப் பிரித்தாள். தோல் கொஞ்சம் விரலோடு வந்தது. உள்ளே நாக்கு கறுத்து, காய்ந்து, அசையாமல் கிடந்தது.

அதன் பின்னால், தொண்டையில், வேறொன்று. மட்டிச் சதைபோல். வெளிறியது. ஈரமானது. தொண்டைச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

சளக். சளக்.

“வாயைத் திற, பிள்ளை.”

றஜனி பற்களை இறுகக் கடித்தாள். பற்கள் அதிர்ந்தன. தாடை தளர்ந்தது. தானாகத் திறந்தது.

அது அம்மாவின் நாக்கின் மேல் ஏறி, உதடுவரை வந்து, றஜனியின் வாயை நோக்கி நீண்டது.