மூன்று தட்டினால், பதிலுக்கு இரண்டு

மதியம் மூன்று மணிக்கு அத்தான் கடைக்கு வந்தார். பழுதான ஹார்ட் டிஸ்க்குகளில் சிக்கிக் கிடப்பதை மீட்டுக் கொடுக்கும் கடை. அதை நடத்தும் அவளை எல்லோரும் ‘டாக்டரம்மா’ என்பார்கள். டிஸ்க்கைக் காதருகே வைத்தே நோயைச் சொல்லிவிடுவாள்.

கைக்குட்டையில் சுற்றியிருந்ததை அத்தான் மேஜைமேல் வைத்தார்.

“உங்கக்காவோடது. குழந்தை போட்டோ எல்லாம் இதுலதாம்மா இருக்கு. மாட்டினா டிக் டிக்குனு சத்தம் மட்டும் வருது. பாஸ்வேர்ட் வேற போட்டு வச்சிருக்கா.”

“உங்களுக்குத் தெரியுமா அத்தான்?”

“என்கிட்ட எங்க சொன்னா? அது இல்லேன்னா யாராலயும் திறக்க முடியாதில்ல?”

“கஷ்டம்தான். டிஸ்க் உசுரு போறதுக்குள்ள உள்ளே இருக்கறதை முதல்ல காப்பி எடுத்துடறேன். நீங்க வெளியே உட்காருங்க.”

அக்கா போய் மூன்று மாதம். மாடிப்படியில் தவறி விழுந்தாள் என்றார்கள். பயணப்பை தோளில் மாட்டியபடியே கிடந்தாள்.

அதற்கு முந்தைய நாள்தான் போனில் கிசுகிசுத்திருந்தாள். “நாளைக்கு கிளம்பி உன்கிட்டயே வந்துடறேன்டி. அவருக்குத் தெரிய வேண்டாம்.”

குடும்பம் உடையக் கூடாதே என்று, இவள்தான் அத்தானுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். சமாதானம் பண்ணுவார் என்று நம்பினாள். அதை இன்றுவரை யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

சாகக் கிடக்கிற டிஸ்க்கில் வேலை பார்க்கக் கூடாது. காப்பி எடுத்துக்கொண்டு அசலைக் கழற்றிவிட வேண்டும். அவள் தொழிலின் முதல் பாடம் அது. காப்பி இரண்டு மணி நேரம் இழுத்தது. முடிந்ததும் கேபிளைப் பிடுங்கி, அசலை டிரேயில் வைத்தாள். அத்தான் அதுவரை நகரவே இல்லை. கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

“முடியாதில்லம்மா?”

மூன்றாவது தடவையாக இதே கேள்வி. முடியுமா என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை.

கதவு மூடியது. அறையில் தலைவலித் தைலத்தின் வாசனை மெல்லப் பரவியது. அக்கா தேய்த்துக்கொள்ளும் தைலம்.

டிக். டிக். டிக்.

டிரேயிலிருந்து.

கேபிளே இல்லாத டிஸ்க்கிலிருந்து.

சிறு வயதில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. அக்கா சுவரில் மூன்று தட்டினால், ‘முழிச்சிருக்கியா?’ இவள் பதிலுக்கு இரண்டு தட்டினால், ‘இருக்கேன்.’ இருவருக்கும் மட்டுமே ஒரு ரகசிய வார்த்தையும் இருந்தது. செத்தாலும் வெளியே சொல்வதில்லை என்று சத்தியம்.

காப்பியைத் திறந்து, பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில் அந்த வார்த்தையை அடித்தாள்.

திறந்தது.

இவள் ஒருத்தியை நம்பிப் பூட்டிய பூட்டு.

உள்ளே குழந்தை போட்டோ ஒன்றுகூட இல்லை. அக்காவின் வீங்கிய கன்னம். கன்றிப்போன மணிக்கட்டு. உடைந்த கதவுத் தாழ்ப்பாள். ஒவ்வொன்றிலும் தேதி. கடைசியில் ஒரு குரல் பதிவு. அதன் தேதி, இன்று. நேரம், இந்த நிமிடம்.

ஹெட்போனில் முதலில் ஏசியின் உறுமல் கேட்டது. இதே அறையின் ஏசி. “முடியாதில்லம்மா?” என்றது அத்தானின் குரல். பிறகு ஒரு மூச்சு, காது மடலைத் தொடுகிற நெருக்கத்தில்.

“உன்கிட்ட மட்டும்தானேடி சொன்னேன்.”

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். எல்லாப் படங்களையும் போலீசுக்கு அனுப்பினாள். ‘அவள் கிளம்புவதை அவரிடம் சொன்னது நான்தான்’ என்ற வரியையும் சேர்த்தே அனுப்பினாள். பிறகு கதவைத் திறந்தாள்.

“திறந்துடுச்சு அத்தான்.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே பாய்ந்து டிஸ்க்கை எடுத்துச் சட்டைப்பையில் திணித்தார். வாசல்வரை போனவர், திரும்பிச் சிரித்தார்.

“எனக்குப் போன் பண்ணினதே நீதானேம்மா. மறந்துட்டியா?”

போய்விட்டார்.

டிரே காலி. மேஜை காலி.

டிக். டிக். டிக்.

அவள் மேஜையில் இரண்டு முறை தட்டினாள். “இருக்கேன்க்கா,” என்றாள்.

அறை அமைதியானது.

பிறகு மறுபடியும் மூன்று. இன்னும் அருகில்.

அந்தப் பதிலை இனி நம்பாதவள் போல.