பெயர்க்கல்

காலைக் காபிக்கு முன் வாசலில் இறங்கிச் சுவரை அண்ணாந்து பார்ப்பது மதுரையில் இப்போது எல்லோருக்கும் வழக்கம். நானும் பார்த்தேன். எங்கள் சுவர் பளபளவென்று வெறுமையாக நின்றது. பக்கத்து வீட்டு அந்தோணிசாமியின் இடிந்த சுவரில் மைனாக்கள் நுழைவதும் வெளியேறுவதுமாக இருந்தன.

"என்னண்ணே, மாளிகைக்கு இன்னும் ஆள் வரலையா?" என்றான்.

சுவரைக்கூடப் பூசாதவன் என்னைக் கேலி செய்கிறான்.

காற்றின் நச்சை அளக்கும் கருவிகளை மனிதர்கள் தமக்கேற்பத் திருத்தத் தொடங்கிய பிறகு, நகரம் பறவைகளை மட்டுமே நம்பியது. மைனாவைத் திருத்த முடியாது. காட்டுப் பறவை தானாக வந்து கூடு கட்டும் வீடே மனிதர் வாழத் தக்க வீடு. தொடர்ந்து இரண்டு பருவம் கூடில்லையென்றால் வீட்டைப் பூட்டிக் குடும்பத்தை மூடுநகருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சன்னல் கிடையாது. எங்களுக்கு இது இரண்டாம் பருவம். இன்று மாலை கூடுகாண் ட்ரோன் வரும்; பறவை கூடு கட்டத் தொடங்கியிருந்தாலே அதற்குப் போதும். அதோடு பருவம் முடிகிறது.

"பழைய கூடு ஒண்ணு வாங்கி வச்சிரலாமா மாமா?" என்றாள் மருமகள் செந்தாமரை.

"களவுக் கூட்டுக்குக் கீழ நான் படுக்க மாட்டேன்."

"அப்ப மூடுநகர்ல படுங்க. நம்ம காத்துல ஒரு குறையும் இல்ல. மைனா பொந்துலதான் முட்டையிடும். நீங்க பொங்கலுக்குப் பொங்கல் ஒரு விரிசல் விடாம பூசிடுறீங்க. அது எங்க போகும்?"

"விரிசல் விட்ட குடும்பம்னு ஊர் பேசணுமா?"

அவள் உள்ளே போய்ப் பெட்டி கட்டத் தொடங்கினாள்.

மதியம் ஒரு மைனா இணை வந்தது. ஒன்றின் அலகில் வைக்கோல். வாசல் நிலைக்கு மேலே என் பாட்டனாரின் பெயர் பொறித்த கல்லை அது கொத்திப் பார்த்தது. அதற்குப் பின்னால் ஒரு பழைய மாடம் உண்டு. அந்தப் பறவைக்கு அது எப்படித் தெரிந்தது? வழி கிடைக்காமல் பறந்தது, திரும்பி வந்தது, மறுபடி கொத்தியது. நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன்.

வெயில் சாய்ந்ததும் ஏணியும் உளியும் எடுத்தேன். செந்தாமரை ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அது உங்க தாத்தா பேரு..."

"பிடி கெட்டியா."

கல் பெயர்ந்தது. ஏணியை விலக்கி முடிப்பதற்குள் வைக்கோலோடு மைனா உள்ளே புகுந்தது. தெருமுனையில் ட்ரோனின் ரீங்காரம் கேட்டது.

வாசலிலேயே நின்றேன். மாடத்திலிருந்து தலையை நீட்டிய மைனா, அந்நியனைப் பார்த்ததுபோல் என்னை அதட்டியது. கல்லை மார்போடு அணைத்தபடி படியிறங்கித் தெருவில் நின்றேன்.