ஊர்ப் பெயருக்கு வாய் திறக்காத சர்வர்

"உங்க சர்வருக்கு மணி பாக்கத் தெரியுமா, தெரியாதா?"

மழையில் தொப்பலாக நனைந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் கேட்ட முதல் கேள்வி அது. எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டு நோயாளிகளுக்கு வீடியோவில் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட். மேசையில் இருந்தவளோ அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவள்.

"சர்வருக்குத் தெரியும் சார். பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

"அப்படியா மேடம்? நோயாளியோட நேரம் நம்ம ஊர் மணியில வர வேண்டிய இடம் வெறிச்சுனு கெடக்கு! இடுப்பு எலும்பு உடைஞ்ச ஒரு அம்மா, இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுந்து நடக்கணும். எனக்காகக் காத்திருந்து அழுதுட்டாங்களாம். நான் தூங்கிட்டேன்னு சொல்லி மேனேஜர் என்னை வேலைய விட்டே தூக்கிட்டாரு."

குரலில்தான் கோபம். கண்களில் அந்த அம்மாதான் இருந்தாள்... கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று திரையைப் பார்த்தாள்.

போன வாரம் புது சர்வருக்கு மாறியபோது சோதித்தது அவள்தான். இத்தனை மணி முன்னே, இத்தனை மணி பின்னே என்று எண்ணாகத்தான் கொடுத்திருந்தாள். நேரத்தைச் சரியாக மாற்றிச் சொன்னது. இப்போது நோயாளியின் ஊர்ப் பெயரைக் கொடுத்தாள்.

வெறுமை. பிழை என்றுகூடச் சொல்லாத வெறுமை.

ஊர்களின் நேர அட்டவணைகள் புது சர்வரில் காலியாகத்தான் இருக்கும். அவள்தான் ஏற்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டாள்.

அவற்றை ஏற்ற ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டினாள். பிறகு அட்டவணையைத் திறந்தாள். ஊர்கள் மளமளவென்று இறங்கின...

"என்ன இது?" அவன் குனிந்தான். அவன் முடியிலிருந்து ஒரு துளி மேசையில் விழுந்தது.

"எந்த ஊரு எப்பெப்ப கடிகாரத்தை முன்ன பின்ன தள்ளுச்சோ, எல்லாம். இங்க பாருங்க, ஒரே மணி ரெண்டு தடவ வந்திருக்கு. இந்தத் தீவுல ஒரு நாளே இல்ல. படுத்து எழுந்தா நாளன்னிக்கு!"

"அன்னிக்குப் பொறந்தநாள் இருந்தவன்?"

"அம்போ!"

சிரித்தார்கள். பிறகு பட்டியலை இன்னும் கீழே உருட்டினார்கள். முகம் தெரியாத யார் யாரோ, ஒரு சின்ன ஊரும் விட்டுப்போகக் கூடாதென்று வருடக்கணக்காக எழுதிச் சேர்த்து, கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு இது வெறும் வேலையாகத்தான் இருந்தது. அவன் வாய் பிளந்து பார்த்தபோதுதான் அவளும் முதல்முறையாகப் பார்த்தாள். உடம்பு சிலிர்த்தது.

எல்லாம் சரியாகிவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டால் அவள் பெயர் கெடாது. அவன் வேலை போனது போனதுதான்.

போனை எடுத்து மேனேஜரை அழைத்தாள்.

"சார்... தப்பு அவர் மேல இல்ல, என் மேல. ஆமா, நானேதான். திட்டுங்க, பரவாயில்ல. அந்த அம்மாவுக்கு இப்பவே இவரையே போடுங்க."

வைத்தாள். காது சுட்டது.

"சொல்லாமலே விட்டிருக்கலாமே..."

"விட்டிருக்கலாம். நீங்க போயிருப்பீங்க."

"அந்த அம்மாவுக்காகவா சொன்னீங்க?"

"அப்படிச் சொன்னா பாதி பொய்." இமைகள் தாழ்ந்தன. "உங்களைப் பிடிச்சிருக்கு. இன்னிக்குத்தான் பாக்குறேன்... அதுக்கு நான் என்ன பண்ண?"

அவன் கதவுவரை போனான். நின்றான்.

"மேடம், நான் போய் ஒருத்தங்களை நிக்க வைக்கணும். இப்ப என் காலே நிக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"எனக்கும் பிடிச்சிருக்கு... அதான்."