இடப்பக்கத் தடுப்பு

அலெக்ஸ் எழுந்து பல் தேய்த்தான். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைத்தான். ஆறியதும் தயிர் விட்டுப் பிசைந்து டிபன் பாக்ஸில் அடைத்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதான்.

அவன் மனைவி ரெனிட்டா ஆகஸ்டில் காய்ச்சலில் இறந்தாள். இப்போது அடைமழை தொடங்கியிருந்தது.

பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நீண்ட ஹாலை நெஞ்சுயரத் தடுப்புகளால் அறுத்து ஆளுக்கொரு கூண்டாகக் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்தால் யாரும் தெரியமாட்டார்கள். ஆனால் இருமல், போன் பேச்சு, டிபன் பாக்ஸ் மூடி திறக்கிற சத்தம், ஒருவன் மூக்கை உறிஞ்சினால் அது அழுகையா ஜலதோஷமா என்பது வரை எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். எதிர்க் கூண்டு வெள்ளத்தாய் அக்கா தடுப்பின் மேல் நாடியை வைத்துக்கொண்டுதான் பேசுவாள். அவன் ஒருமுறை முகம் சுளித்தபோது, "பின்ன இதை எதுக்கு வச்சிருக்காவ தம்பி? நாடியை வைக்கத்தான்" என்று சிரித்தாள்.

துக்கம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய அன்றும் அந்த நாடி அங்கே வந்தது.

"கடைசியா என்ன தம்பி சொன்னா?"

ஹால் முழுக்க கீபோர்டு சத்தம் நின்றது.

அடக்க ஆராதனைக்கு முன் போதகரும் அதைத்தான் கேட்டார். பிரசங்கத்தில் சொல்ல வேண்டுமாம். மாமியார் ஏசம்மாள் கேட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். வெள்ளத்தாய் அக்கா அதைக் கேட்டு மூக்கைச் சிந்தி அழுதாள்.

அது பொய். ரெனிட்டா உண்மையில் சொன்னதை அவன் மட்டும்தான் கேட்டிருந்தான். அவள் சேலைகளை அவள் தங்கை கொண்டுபோய்விட்டாள். போட்டோக்களை ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைத்துத் தீர்த்தார்கள். இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று அவன் இருந்தான்.

தயிர்சாதத்தோடு பஸ் ஏறி வந்த இந்த மழைநாள் காலையில் சிஸ்டத்தைப் போட்டு நிமிர்ந்தபோது, இடப்பக்கத் தடுப்பின் மேல் நான்கு விரல்கள் இருந்தன.

அந்தக் கூண்டில் ஆள் கிடையாது. மேஜை நாற்காலியை எடுத்துவிட்டு சாம்பிள் பெட்டிகளை நெருக்கி அடுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் யாரு என்று கேட்டான். அந்தப் பெட்டிகளுக்கு நடுவே எலிதான் நிற்க முடியும் என்றாள் வெள்ளத்தாய் அக்கா. திரும்பிப் பார்த்தான். விரல்கள் இல்லை. வாசனை இருந்தது. அந்த ஆபீஸில் எப்போதுமே ஆஸ்பத்திரி வாசனைதான், வெளுத்துக் காயவைத்த துணியின் மூக்கை அரிக்கிற வாசனை. இப்போது வந்தது காயத்திலிருந்து அவிழ்த்த துணியின் வாசனை.

டீ வரும் நேரத்தில் மறுபடியும் வந்தன. இப்போது இரண்டு கைகள். நகங்கள் வெளுத்திருந்தன. பலகைக்கு அப்பால், சரியாக அவன் காது இருக்கும் உயரத்தில், ஈரமான ஒரு மூச்சு அவன் டைப் அடித்தால் ஓடியது, கையை எடுத்தால் நின்றது.

மேனேஜர் சிவபாண்டி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் ஜன்னல் பக்கம் மாறிக்கொள் என்றார்.

"இது என் எடம் சார்."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். இடப்பக்கம் கேட்கட்டும்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். அவன் போகவில்லை. எழுந்து போனால் அது ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. மழை தகரக் கூரையில் கொட்டியது. டியூப்லைட் இரண்டு முறை துடித்து அணைந்தது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

"கடைசியா என்ன தம்பி சொன்னா?"

வெள்ளத்தாய் அக்காவின் குரல். இடப்பக்கத்திலிருந்து. அதே நேரம் வெள்ளத்தாய் அக்கா கீழே சாப்பாட்டு அறையில் சிரித்துக்கொண்டிருப்பது மாடிப்படி வழியாகக் கேட்டது.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டா" என்றான்.

"அது இல்லையே."

இந்த முறை ஏசம்மாளின் குரல்.

விரல்கள். முடி. நனைந்து ஒட்டிய முடி. நெற்றி. பிறகு கண்கள். இமைக்கவில்லை.

அலெக்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"பெத்தவளுக்கே சொல்லல. ஒனக்கும் சொல்ல மாட்டேன்."

அது உயர்ந்தது. தடுப்பு அதற்கு இடுப்பளவுதான். ஒரு பெட்டியும் அசையவில்லை. அவன் மேல் குனிந்தது. தலையைச் சாய்த்தது. தன் காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. காத்திருந்தது.

அவன் பின்வாங்கவில்லை. அதன் மேலிருந்து அடித்த குளிர் அவனுக்குத் தெரிந்த குளிர்தான். ரெனிட்டா இறந்த அன்று வார்டிலும் அது இருந்தது, கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. அவள் மாஸ்க்கை இழுத்துவிட்டு அவன் தோளுக்கு மேலே பார்த்துப் பேசினாள். அவனும் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை என்று அவளிடம் சொன்னான்.

"போ" என்றான் இப்போது.

பல்லைக் கடித்தான். காது இன்னும் நெருங்கியது. உதட்டில் பட்டது. ஈரம். அவன் வாய் திறக்கவில்லை. அவள் சொன்னது அவனுக்குள்ளேயே, அவள் குரலிலேயே இருந்தது.

"ஏங்க, திரைக்கு மேல யாரோ எட்டிப் பாக்காவ. போகச் சொல்லுங்க."