ஜக்கம்மாளுக்கு எழுதிய கண்

பன்னிரண்டு படங்களிலும் ஜக்கம்மாளின் கண்கள் மூடியிருந்தன.

பால்பாண்டி நெகட்டிவ் சுருளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒன்றிரண்டில் சிமிட்டியிருக்கலாம். பன்னிரண்டிலும் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? கேமராவுக்குள் குனிந்து பார்த்தபோதெல்லாம் அவள் கண்ணைத் திறந்து அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவான்.

அது எழுபத்தெட்டாம் வருடத்து ஐப்பசி. பழைய கோட்டை வாசலிலும் கோயில் வாசலிலும் கடை போடுகிறவர்களை ஊர் ஊராகப் போய்ச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். திருமயத்தில் பனங்கிழங்கு விற்கிறவர், செஞ்சியில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற புருஷன் பெண்சாதி என்று வரிசையாக எடுத்து முடித்து, கடைசிப் படத்துக்குச் சொந்த ஊரான போடிநாயக்கனூருக்கு வந்திருந்தான். போடிமெட்டுக்கு ஏறுகிற பழைய நடைபாதையில் ராஜா காலத்துக் கல்மண்டபம் ஒன்று உண்டு. ஏலத்தோட்டத்துக்குப் போகிற சனம் அங்கே நின்று ஜக்கம்மாளிடம் ஒரு சுக்குக்காப்பி குடித்துவிட்டுத்தான் மேலே ஏறும். அந்தப் படம் அட்டையில் வரும் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். நாற்பது வயதுவரை காதுகுத்து, கல்யாணம், சாவு என்று எடுத்தே தேய்ந்தவனுக்கு அது லேசுப்பட்ட விஷயமா?

"எடுத்துக்க அப்பு," என்றுதான் அவளும் சொன்னாள். "மொகத்த எடு, மண்டபத்த எடு. கண்ண மட்டும் தரமாட்டேன்."

கிழவிக்கு வாய்க்கொழுப்பு என்று அப்போது சிரித்துக்கொண்டான்.

மறுநாள் தபாலில் படம் போயாக வேண்டும். மலையோ மழையில் மறைந்து கிடந்தது. அதனால் சாவுப்படத்துக்குச் செய்வதை அவளுக்குச் செய்தான். செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு எடுத்த பிறகு, மூடிய இமையின் மேல் நெகட்டிவிலேயே கண் எழுதுவது அந்தப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களின் வேலை. கண்மணியைப் பிளேடு முனையால் சுரண்ட வேண்டும், வெள்ளைக்குப் பென்சிலால் நிரப்ப வேண்டும். இதில் கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருப்பவருக்குக் கண் எழுதக் கூடாது. செத்தவருக்கு எழுதினாலும் கண்மணிக்குள் மின்னுகிற அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளியை வைக்கக் கூடாது. பால்பாண்டி கண்ணும் எழுதினான், உயிர்க்களை வேண்டுமே என்று புள்ளியும் வைத்தான்.

பிறகு இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மூக்கைக் குத்துகிற ஹைப்போ மருந்து வாடையும், மழையில் ஊறிய சுவரின் பூஞ்சை நாற்றமும், வாளிக்குள் ஒரே தாளத்தில் சொட்டுகிற குழாயும், தட்டில் கிடந்த தாளின்மேல் சிவப்பு பல்பு விரித்த வெளிச்சமும் அவனுக்கு இருபது வருடப் பழக்கம்தான். எப்போதும் தலைமுடிதான் முதலில் கருத்து எழும், முகம் மெள்ளப் பின்னால் வரும். அன்றைக்கு வெறும் வெள்ளைத் தாளில் இரண்டு கண்கள் மட்டும் எழுந்தன. முகம் வரவில்லை. அவன் தட்டை ஆட்டினான். தண்ணீர் அசைந்தது, கண்கள் அசையவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் ஒரு முகம் வந்து அவற்றைச் சுற்றிச் சேர்ந்தது.

அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் படத்தைக் காயவைத்துத் தபாலில் போட்டான்.

ஒன்பதாம் நாள் ஜக்கம்மாளின் தம்பி சுருளி வந்தான். தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பு ஓட்டுகிறவன், ஆள் முரடு.

"அக்கா ஒம்பது நாளாத் தூங்கலண்ணே. இமை கீழ எறங்கவே மாட்டேங்குது. ஒங்களக் கூட்டியாரச் சொல்லுது."

மலையடிவாரத்துக் குடிசைக்குள் சுக்கு வாடையும் ஈர விறகுப் புகையும் மூச்சை அடைத்தன. ஜக்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் உலர்ந்து, புகைத்தூசி படிந்து, விரிந்து கிடந்தன. ஓர் ஈ வெள்ளை முழியின் மேல் மெதுவாக நடந்து போயிற்று. இமை துடிக்கவில்லை. குடிசைக்குச் சன்னல் இல்லை, விளக்கும் ஏற்றவில்லை. அவள் கண்மணிக்குள் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியது. அதே இடத்தில். அதே அளவில்.

"அழிச்சிரு அப்பு," என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "நான் தரலயே. நீயா எழுதிக்கிட்ட."

சுருளி வாசலில் நின்று சொன்னான்: "என்ன எழுதுனீங்களோ, இன்னிக்கே அழிச்சிருங்கண்ணே. அக்காவுக்கு ஒண்ணுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"அழிச்சிர்றேன் ஆத்தா," என்றான் பால்பாண்டி.

நெகட்டிவை எரித்துவிட்டு, படத்தைப் போட வேண்டாம் என்று சென்னைக்கு ஒரு தந்தி அடித்தால் போதும். தந்தி ஆபீஸ் வாசல்வரை போனான். அட்டைப்படம் நினைவில் வந்தது, அதன் அடியில் தன் பெயரும். கிழவிக்குக் கண்ணில் ஏதோ சீக்கு, வைத்தியர் பார்த்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினான். மூன்று நாள் கழித்துச் சுருளி கேட்டபோது, அன்றைக்கே அழித்துவிட்டதாகக் கூசாமல் சொன்னான்.

பதினெட்டாம் நாள் காலை பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் அந்தப் பத்திரிகை கயிற்றில் வரிசையாகத் தொங்கியது. வரிசை முழுக்க ஜக்கம்மாள். அவன் ஒன்றை வாங்கிப் பைக்குள் திணிக்கும்போதே சுருளியின் ஜீப்பு வந்து நின்றது. சுருளி கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா போயிருச்சுண்ணே. மூச்சு இல்ல, நாடியும் இல்லன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. கடைசியா ஒரு படம் எடுக்கணும், வாங்க."

நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். இமையை எத்தனை பேர் அமுக்கியும் மூடவில்லையாம். நல்லவேளை கண் எழுதுகிற சோலி இல்லை என்று யாரோ முனகினார்கள். பால்பாண்டி ஒரு படம் எடுத்தான். முகத்தில் துணி போட்டுத் தூக்கிப்போனார்கள்.

குழிக்குள் இறக்கித் துணியை விலக்கினார்கள். மூன்று கை மண் போடப் பால்பாண்டி குனிந்தான். மேகம் விலகி உச்சிவெயில் நேராகக் குழிக்குள் விழுந்தது.

கண்மணி சுருங்கியது.

மேகம் மூடியது. விரிந்தது. மறுபடி வெயில். மறுபடி சுருங்கியது.

வெளிச்சத்துக்குத் தக்கபடி கேமராவின் துவாரத்தைச் சுருக்கி விரித்தே பிழைத்தவன் அவன். எத்தனையோ பிணத்தின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தவன். பிணத்தின் கண் சுருங்காது.

"என்னண்ணே?" மண்வெட்டியோடு சுருளி பக்கத்தில் வந்தான்.

சொன்னால் தூக்கிவிடுவார்கள். தூக்கினால் அவள் வாய் திறப்பாள். சுருளியின் கையில் மண்வெட்டி இருக்கிறது.

"ஒண்ணுமில்ல தம்பி. வெரசா மூடுங்க."

ஒரு கை மண். நெற்றியில் விழுந்தது.

இரண்டாவது. வாயில்.

மூன்றாவது கண்ணில் விழுந்தது. இமை துடிக்கவில்லை. செம்மண் துகள்களுக்கு அடியில் கண்மணி மெதுவாக நகர்ந்து, அவன் நின்ற பக்கம் வந்து நின்றது. சுற்றிலும் மண்வெட்டிகள் மண்ணைத் தள்ளத் தொடங்கின.