தரம் ஆறு பத்திரிகையில் இடமில்லை

எங்கள் வகுப்புச் சுவர்ப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர். நதா என்றால் வெள்ளவத்தையில் எங்கள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். என் கையெழுத்து அப்படி.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவின் எல்லைப்புற ஊர்களில் பத்திரிகை நடத்தியவர்களே தேர்தலிலும் நின்றார்களாம். எங்கள் வகுப்பாசிரியை நேசமலர் ரீச்சர் சொன்னார். உடனே நானும் வகுப்பு மொனிட்டர் தேர்தலுக்குப் பெயர் கொடுத்தேன். பார்த்தால், கிருலப்பனையிலிருந்து வரும் ஹமீமாவும் கொடுத்திருக்கிறாள்!

இருவருடைய வாக்குறுதிகளையும் பத்திரிகையில் போடச் சொன்னார் ரீச்சர். ஹமீமா தன்னுடையதை ஒரு துண்டுக் கடதாசியில் தந்தாள். கோழி கிளறியது போன்ற எழுத்து. ஆனால் விஷயம்? பின்வரிசைக்கு மின்விசிறிக் காற்று வருவதே இல்லை, அதனால் கிழமைக்கு ஒருமுறை எல்லோரும் இடம் மாறி இருப்போம் என்று எழுதியிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இது ஏன் என் மண்டைக்குள் வரவில்லை? நான் யோசித்து வைத்திருந்தது "ஒழுக்கத்தைக் காப்பேன்" என்பது மட்டும்தான்.

அதையே மூன்று நிறங்களில், தாள் நிறைய எழுதினேன். அவளுடைய துண்டைப் புத்தகத்துக்குள் ஒளித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஹமீமா பத்திரிகையை மேலும் கீழும் தேடினாள். தன்னுடையது எங்கே என்று கேட்டாள். இடம் போதவில்லை என்றேன். அவள் அதை அப்படியே நம்பினாள்.

"பரவால்ல நதா. ஒன்ட எழுத்து சரியான வடிவு" என்றாள்.

சண்டை பிடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இவள் பாராட்டிவிட்டுப் போகிறாளே! முதற்பாடம் முழுக்க எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

இடைவேளை மணி அடித்ததும் அவளிடம் போனேன்.

"இடம் இருந்தது. நான்தான் வேணுமெண்டு போடேல்லை" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. நான் கத்தரிக்கோலை எடுத்து என் தாளில் பாதியை வெட்டினேன். ஓரத்தில் அழகுக்காக நான் கீறியிருந்த பூக்களும் போயின. அந்த இடத்தில் அவளுடைய வாக்குறுதியை அதே அளவு எழுத்தில் எழுதி ஒட்டினேன். பின்வரிசைப் பிள்ளைகள் கூட்டமாக வந்து வாசித்தார்கள். என் கதை முடிந்தது என்று அப்போதே விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. ஹமீமாவுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினேழு.

ஒரே ஒரு வாக்கு! பொறாமை இன்னும் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் முடிவை எழுதவேண்டியது பத்திரிகை ஆசிரியர்தானே. சிவப்புப் பேனாவை எடுத்து, "ஹமீமா வென்றார்" என்று தலைப்பிட்டேன். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை.